எச்-இன்டெக்ஸ் 41 என்றால் பெரிய ஆளா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விசயம்தான். கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று, வெளிநாட்டில் உயிர்மருத்துவ ஆராய்ச்சி செய்கிற தன் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்கிறது. அந்த விழா நோட்டீசில் அவருடைய பெயருக்குக் கீழே போட்டிருந்த எண்கள் முறிகண்டி தாண்டி வவுனியா வரைக்கும் ஆட்களைக் குழப்பியிருக்கின்றன போல. ஆகவே நெல்லுக்கு அடிக்கிற மருந்து, காணி உறுதி பற்றிய கேள்விகள் அடுத்த மாதத்துக்குப் போகின்றன. கோபிக்க வேண்டாம்.

கேள்வி (பரந்தனிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். ‘190 ஆய்வுக் கட்டுரைகள், 7,800 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 41’ என்று அறிவிப்பாளர் வாசித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு மகள் ‘அது என்னப்பா?’ என்று கேட்க எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே பெரிய எண்களா இவை?

பதில்: கை தட்டினதில் பிழை இல்லை. எதற்குத் தட்டினோம் என்று தெரிந்திருந்தால் இன்னும் நல்லது, அவ்வளவுதான்.

ஓர் ஆராய்ச்சியாளர் தான் கண்டதை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்புவார். அதே துறையில் உள்ள இரண்டு மூன்று பேர் அதை வாசித்து, இது சரியில்லை, அது போதாது, திருத்து என்பார்கள். அதையெல்லாம் தாண்டி வெளிவந்தால் அது ஒரு கட்டுரை. பிறகு வேறு ஒருவர் தன்னுடைய கட்டுரையில் ‘இதை இன்னார் முன்னரே காட்டியிருக்கிறார்’ என்று எழுதிக் கடைசிப் பட்டியலில் அந்தக் கட்டுரையைச் சேர்த்தால் அது ஒரு மேற்கோள். இந்த மேற்கோள்களை ஒரே இடத்தில் திரட்டலாம் என்று 1955ல் யோசனை சொன்னவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். அங்கே வழக்கறிஞர்களிடம் ஒரு அட்டவணைப் புத்தகம் இருந்தது, ஒரு பழைய தீர்ப்பைப் பிறகு வந்த எந்தெந்த வழக்குகள் எடுத்துக் காட்டின என்று தேடுவதற்கு. அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணம் வந்தது. 1964ல் விஞ்ஞானத்துக்கும் அப்படி ஒரு அட்டவணையை வெளியிட்டார். இன்றைக்கு கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் என்று பலர் செய்வது இந்த வேலையைத்தான்.

எச்-இன்டெக்ஸ் அதற்கு நாற்பது வருடம் பிந்தியது. 2005ல் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் சொன்ன கணக்கு. மகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். வளவில் பத்துத் தென்னை நிற்கிறது. போன பறிப்பில் விழுந்த காய்களை மரம் மரமாக எண்ணிக் கூடியதிலிருந்து குறைந்ததுக்கு வரிசைப்படுத்துங்கள்: 60, 41, 22, 9, 6, 5, 3, 2, பிறகு இரண்டு மரத்தில் ஒன்றுமே இல்லை. இப்போது முதலாம் மரத்தில் ஒரு காயாவது இருக்கிறதா, இரண்டாம் மரத்தில் இரண்டாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஐந்தாம் மரத்தில் ஆறு காய், பரவாயில்லை. ஆறாம் மரத்தில் ஐந்துதான், போதாது. ஆக அந்த வளவின் எச்-இன்டெக்ஸ் 5. முதல் மரம் அறுபதுக்குப் பதிலாக அறுநூறு காய்த்தாலும் அதே 5தான். காய்க்காத மரம் இன்னும் நூறு நட்டாலும் அதே 5தான். ஒரே ஒரு கட்டுரையால் பேர் எடுத்தவரையும், யாரும் திரும்பிப் பாராத கட்டுரைகளைக் குவித்தவரையும் இது உயர்த்திக் காட்டாது, அதுதான் இதில் உள்ள கெட்டித்தனம்.

ஆகவே 41 என்றால், நாற்பத்தொரு கட்டுரைகளாவது ஒவ்வொன்றும் நாற்பத்தொரு தடவையாவது எடுத்துக் காட்டப்பட்டிருக்கின்றன. சும்மா வருகிற எண் இல்லை, வருடக்கணக்கான உழைப்பு அதில் இருக்கிறது.

ஆனால் நோட்டீசில் இல்லாத சில விசயங்கள் உண்டு. எத்தனை வருட உழைப்பு என்று அதில் இல்லை. எச்-இன்டெக்ஸ் ஏறுகிற ஏணி, இறங்குகிற பழக்கம் அதற்குக் கிடையாது, ஆள் ஓய்வுபெற்றாலும் ஏறும், செத்த பிறகும் ஏறும். ஆகவே முப்பது வருடம் நின்றவரையும் நேற்றுக் கலாநிதிப் பட்டம் எடுத்த பிள்ளையையும் இதை வைத்து ஒப்பிட ஏலாது. எந்தத் துறை என்பதும் முக்கியம். மருத்துவத்தில் ஆட்கள் அதிகம், கட்டுரைகள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் நீண்ட பட்டியல், ஆகவே மேற்கோள் மழை. கணிதத்தில் அது தூறல்தான், அங்கே 41 எடுத்தவர் மிகப் பெரிய ஆளாக இருப்பார். அப்புறம், எத்தனை பேர் சேர்ந்து எழுதியது? இரண்டு பேர் எழுதிய கட்டுரைக்கும், உலக நோய்ச்சுமைக் கணக்கு மாதிரி நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கும், ஆளுக்கு விழுகிற புள்ளி ஒன்றுதான். எங்கே பார்த்த எண் என்றும் கேளுங்கள். கூகுள் ஸ்காலர் தாராளமான கை, ஆய்வேடு, மாநாட்டுப் பிரசுரம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஒவ் சயன்ஸ் இரண்டும் தெரிந்தெடுத்த சஞ்சிகைகளை மட்டும் எண்ணும், அங்கே அதே ஆளுடைய எண் குறைந்துதான் நிற்கும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த ஹேர்ஷே 2020ல், இது சில இடங்களில் மோசமாகப் பிழைத்துப் போகும், கெட்ட விளைவுகளையும் கொண்டுவரும் என்று எழுதினார். நம்முடைய நோட்டீஸ் அடிக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். கூகுள் ஸ்காலரில் அவருடைய பக்கத்தைத் திறந்து, மேலே நிற்கிற முதல் ஐந்து கட்டுரைகளின் தலைப்பை வாசித்து, அவர் எந்த வருத்தத்தைப் பற்றி, எந்தக் கேள்விக்கு விடை தேடினார் என்று ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். விழாவில் அதைப் பற்றி ஒரு பேச்சாளராவது ஒரு வரி சொன்னாரா? அந்த ஒரு வரிக்காகத்தான் நான் கை தட்டியிருப்பேன்.

கேள்வி (மல்லாவியிலிருந்து): ஒவ்வொரு வருடமும் ‘ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தெரிவு செய்த உலகின் 2 சதவீத விஞ்ஞானிகள்’ என்று பேஸ்புக்கில் நம்மவர்களின் படங்கள் வருகின்றன. இது ஒரு விருதா?

பதில்: விருது இல்லை. யாரும் விண்ணப்பிப்பதும் இல்லை, யாரும் கூடியிருந்து தெரிவு செய்வதும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் இருக்கிற ஜோன் இயோனிடிஸ் என்ற மருத்துவப் பேராசிரியரும் வேறு சிலரும் ஸ்கோபஸ் தரவைக் கணினிக்குள் போட்டு 2019லிருந்து வெளியிடுகிற ஒரு பெரிய அட்டவணை அது. அதில் இரண்டு தாள் உண்டு, ஒன்று வாழ்நாள் முழுவதற்கும், மற்றது ஒரு தனி வருடத்துக்கு. ஒரு வருடத் தாளில் பெயர் வந்தவருக்கும் வாழ்நாள் சாதனை என்று பதாகை கட்டிவிடுகிறோம், பாவம் அவர் கூச்சத்தில் ஒன்றும் பேசாமல் இருந்திருப்பார்.

ஆனால் அந்த அட்டவணையில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது. மேற்கோளை மட்டும் பார்க்காமல், ஆள் கட்டுரையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்றும் பார்க்கிறது. உயிர்மருத்துவத்தில் இது ஒரு எழுதாத சட்டம்: முதலாவது பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வுகூடத்தின் தலைவர், நடுவில் நிற்கிறவர்கள் உதவி செய்தவர்கள். பேருந்தில் சாரதி, நடத்துனர், மற்றதெல்லாம் பயணிகள் என்கிற மாதிரி. பயணி இல்லாமல் பேருந்து ஓடிப் பயனில்லை என்றும் சொல்லலாம், அது வேறு விசயம். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்துவிட்டு வருகிற எண்ணையும் அதே அட்டவணை தனியாகக் கொடுக்கிறது. பதாகை கட்ட முதல் அந்த நிரலையும் ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி (வவுனியா, உயர்தர உயிரியல் மாணவன்): உலகத்திலேயே ஆகக் கூடிய மேற்கோள் பெற்ற கட்டுரை எது, ஐயா? டீஎன்ஏயின் அமைப்பைக் கண்டுபிடித்ததா? கொரோனாத் தடுப்பூசியா?

பதில்: இரண்டும் இல்லை தம்பி. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கிற முறை ஒன்றை ஒலிவர் லோரி என்ற அமெரிக்கரும் கூட்டாளிகளும் 1951ல் எழுதினார்கள், அந்தக் கட்டுரைதான். 2014ல் எண்ணிப் பார்த்தபோது 3 இலட்சத்து 5 ஆயிரத்துக்கும் மேல். இரண்டாவதாக நின்றதும் புரதத்தைப் பிரித்துப் பார்க்கிற முறை, லெம்லி 1970ல் எழுதியது. மூன்றாவது பிராட்ஃபோர்ட் 1976ல் எழுதியது, அதுவும் புரதம் அளக்கிற முறைதான்! சோறு சமைத்தவரைவிட நெல் அளக்கக் கொத்துச் செய்து கொடுத்தவரைத்தான் ஊர் அதிகம் நினைக்கிறது என்று வைத்துக்கொள். உலகமெங்கும் ஆய்வுகூடத்தில் புரதம் அளக்கிறவன் எல்லாம் ‘லோரியின் முறையில் அளந்தேன்’ என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும், எண் ஏறாமல் என்ன செய்யும். லோரியே பிற்காலத்தில், அது பெரிய கட்டுரை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் உள்ளுக்குள் சந்தோசம்தான் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்த மனிதர்.

மேற்கோள் என்றால் பாராட்டு என்றும் நினைத்துவிடாதே. 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டொக்டர் பன்னிரண்டே பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்கிற மாதிரி லான்செட் சஞ்சிகையில் எழுதினார். 2010ல் சஞ்சிகை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் கொஞ்சநஞ்சம் இல்லை, பெரும்பாலும் ‘இது பிழை’ என்று சொல்ல வந்தவர்கள் காட்டியவை. எண்ணுகிற இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்று, வாழ்த்தும் ஒன்று.

தலைகீழாகவும் நடக்கும். கட்டலின் கரிக்கோ என்ற விஞ்ஞானியை 1995ல் அவர் வேலை செய்த பல்கலைக்கழகம் பதவி இறக்கியது. எம்ஆர்என்ஏயில், அதாவது புரதம் செய்யச் சொல்லி உடம்புக்குச் செய்தி கொண்டுபோகிற மூலக்கூறில், ஒரு சின்ன மாற்றம் செய்தால் உடம்பு அதை எதிரியாகப் பார்க்காது என்று அவரும் டுரூ வைஸ்மனும் 2005ல் காட்டியபோதும் பெரிய ஆரவாரம் எழவில்லை. பிறகு கொரோனா வந்தது, அந்த வேலையை வைத்தே தடுப்பூசி வந்தது, 2023ல் நோபல் பரிசும் வந்தது. 2010ல் அவருக்கு யாராவது எண்ணைப் பார்த்துப் பதவி கொடுத்திருப்பார்களா என்று நீயே யோசி.

கேள்வி (வவுனியாவிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்): ஐயா, நான் எழுதினது ஏழு கட்டுரை. இணையத்தில் தேடினால் மூன்று ஆட்களாக நிற்கிறேன். ஓர் இடத்தில் நான், இன்னோர் இடத்தில் என் அப்பா, மூன்றாவது இடத்தில் யாரென்றே தெரியாத ஒரு தமிழ்நாட்டுப் பொறியியலாளரின் கட்டுரைகளுடன் கலந்து போயிருக்கிறேன். இதற்கு என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை நடத்தலாம். உங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை இது, நம்முடைய பெயர் வைக்கிற முறைக்கே வந்த வினை.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தை முன்னுக்குப் போட்டு நம்முடைய பெயரை எழுதுவோம், முடிந்தது கதை. மேற்கோள் அட்டவணைகளை வெள்ளைக்காரர் தங்களுடைய பெயர் முறைக்குத் தைத்தார்கள், அதில் கடைசிச் சொல்தான் ஆளுடைய பெயர், முன்னுக்கு வருவதெல்லாம் முதலெழுத்து. உங்களுடைய கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் போயிருக்கும், சஞ்சிகைப் படிவம் நிரப்பும்போது அதையே பார்த்து எழுதியிருப்பீர்கள். விளைவு, கட்டுரையை எழுதியது மகள், மேற்கோளில் நிற்பது அப்பா. எனக்குத் தெரிந்த ஓர் அப்பா, வயல்காரர், அவருடைய பெயரில் நுளம்பின் மரபணு பற்றி இரண்டு கட்டுரை இருக்கிறது. மனுசனுக்கு அதில் நல்ல பெருமை.

இதற்குமேல் ஆங்கில எழுத்துக்கூட்டல். ஒரே பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், அடையாள அட்டையில் ஒருவிதம், பட்டச் சான்றிதழில் இன்னொருவிதம் எழுதி வைத்திருப்போம். குமார் என்று முடிகிற பெயர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு முதலெழுத்தோடு தேடினால் ஒரு பட்டாளமே வரும். பெண்பிள்ளைகளுக்குக் கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரும் ஏறிவிட்டால் நான்காவது ஆள் பிறந்துவிடுவார். எச்-இன்டெக்ஸ் கணக்கு உங்களுக்குத் தெரியும், ஏழு கட்டுரை மூன்று துண்டாகப் போனால் ஒவ்வொரு துண்டிலும் எண் சின்னதாகத்தான் வரும், பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிற நாளில்தான் அது சுடும்.

செய்யவேண்டியது இதுதான். ஓர்சிட் என்று ஒரு இலவச அடையாள எண் இருக்கிறது, 2012லிருந்து கொடுக்கிறார்கள், பதினாறு இலக்கம். இன்றைக்கே எடுங்கள். பெயர் எப்படிச் சிதைந்தாலும் அந்த எண் உங்களுடையது, இன்றைக்கு அநேகமான சஞ்சிகைகள் அதைக் கேட்கவும் செய்கின்றன. பழைய ஏழு கட்டுரைகளையும் அதற்குள் நீங்களே சேர்க்கலாம். ஸ்கோபசில் பிரிந்து கிடக்கிற ஆட்களை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். கூகுள் ஸ்காலரில் பக்கம் திறந்து, அந்தப் பொறியியலாளரின் கட்டுரைகளைக் கையால் நீக்கிவிடுங்கள். நீக்காமல் விட்டால் எண் பெரிதாகத் தெரியும், ஆசையாகவும் இருக்கும், ஒரு நாள் நேர்முகத் தேர்வில் யாராவது அந்தப் பாலம் கட்டுகிற கட்டுரையைப் பற்றிக் கேட்பார்கள். இனிமேல் எழுதுகிற எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே ஒழுங்கு. கலியாணம் ஆனாலும் கட்டுரையில் பெயரை மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை, இதை மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலே சொல்லிவிடலாம்.

கேள்வி (கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து ஒரு மாணவர்): ‘உங்கள் உன்னதமான ஆய்வு கண்டு வியந்தோம், மூன்று நாளில் பிரசுரிக்கிறோம், கட்டணம் அனுப்புங்கள்’ என்று ஒரு சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

காசு கேட்பது மட்டும் குற்றம் இல்லை, பிலோஸ், பிஎம்சி மாதிரியான நல்ல திறந்த சஞ்சிகைகளும் எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கி வாசகருக்கு இலவசமாகக் கொடுக்கின்றன, நம்மைப் போன்ற நாட்டுக்காரருக்குக் குறைத்துக் கேட்கவும் வழி உண்டு. சந்தேகம் வரவேண்டியது அந்த மூன்று நாளில். சக ஆராய்ச்சியாளர் இரண்டு பேர் ஒரு கட்டுரையைக் கவனமாக வாசித்து முடிக்கவே வாரக்கணக்கு வேண்டும். உங்கள் ஆய்வின் பெயரைக்கூடச் சொல்லாமல் வியந்துபோனவர்கள் எதை வாசித்து வியந்தார்கள்? டென்வரில் ஜெஃப்ரி பீல் என்ற நூலகர் இப்படியான சஞ்சிகைகளுக்கு வேட்டையாடும் சஞ்சிகைகள் என்று பெயர் வைத்து ஒரு பட்டியலே வைத்திருந்தார், 2017 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார். இப்போது நம்முடைய மூளைதான் பட்டியல். உங்கள் மேற்பார்வையாளர் அந்தச் சஞ்சிகையிலிருந்து எதையாவது எப்போதாவது வாசித்திருக்கிறாரா என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்வி போதும்.

எண்ணை ஏமாற்றுவது எவ்வளவு சுகம் என்று காட்டப் பிரான்சில் சிரில் லாபே என்ற கணினிக்காரர் 2010ல் ஒரு விளையாட்டு விளையாடினார். கணினியைக் கொண்டு அர்த்தமில்லாத கட்டுரைகள் நூறுக்கு மேல் எழுதுவித்து, ஒன்று மற்றொன்றை மேற்கோள் காட்டும்படி வைத்து, இல்லாத ஒரு விஞ்ஞானிக்குக் கூகுள் ஸ்காலரில் எச்-இன்டெக்ஸ் 94 வாங்கிக் கொடுத்தார். பரந்தன்காரருக்கு நினைவிருக்கட்டும், விழாவுக்கு வந்தவர் 41. இன்னொரு கதை, இது ஏமாற்று இல்லை, குறும்பு: அமெரிக்கப் பௌதிகவியலாளர் ஜாக் ஹெதரிங்டன் 1975ல் ஒரு கட்டுரை எழுதும்போது முழுவதும் ‘நாங்கள்’ என்று எழுதிவிட்டார், ஆனால் எழுதினது தனி ஆள். ஒற்றை ஆளுக்கு ‘நாங்கள்’ போட்டால் சஞ்சிகை ஏற்காது என்று யாரோ சொல்ல, தட்டச்சுச் செய்ததை எல்லாம் திரும்பவும் அடிக்கப் பஞ்சிப்பட்டுத் தன் வீட்டுப் பூனையை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார். பூனைக்கும் இன்றைக்கு மேற்கோள் உண்டு.

கேள்வி (முள்ளியவளை): எல்லாருக்கும் விளக்கம் சொல்கிறீர்களே, உங்களுடைய எச்-இன்டெக்ஸ் என்ன?

பதில்: பூச்சியம். ஆனால் ஒரு கட்டுரையின் கடைசியில், நன்றி சொல்கிற பகுதியில், ‘களப்பணியாளர்களுக்கும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் வினாக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, நாயிடம் கடி வாங்காமல் தப்பி, வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்துத் திரிந்தவன் நான். அந்தச் சொல்லுக்குள் ஐந்தாறு பேரோடு நானும் நிற்கிறேன்.

கேள்வி (நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி): தம்பி, எங்கள் ஊரில் கிட்னி வருத்தம் இருக்கிறது. இந்தச் சில வருடத்துக்குள் மூன்று தரம் ஆட்கள் வந்து இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், கிணற்றுத் தண்ணியும் போத்தலில் கொண்டுபோனார்கள். ஒருவரும் திரும்பி வந்து என்ன கண்டோம் என்று சொல்லவில்லை. அந்த விழாவில் வாசித்த எண் எல்லாம் எங்கள் மாதிரி ஆட்களின் இரத்தம்தானா?

பதில்: அண்ணை, விழாவுக்கு வந்தவர் உங்கள் ஊருக்கு வந்தவரா என்று எனக்குத் தெரியாது, அவர்மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது சரியான கேள்வி, இந்த மாதம் வந்த கடிதங்களில் இதைத்தான் மூன்று தரம் வாசித்தேன்.

முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்காரர் முடிவு கொண்டுவருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள், காசு இல்லை. வயலில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் இருந்தால் மற்றவர்களும் போய்ப் பார்த்துவிடுங்கள், கால் வீங்கும்வரை பொறுக்க வேண்டாம், இது நெடுநாள் சத்தமில்லாமல் இருக்கிற வருத்தம்.

இந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது. பதவியா, மதவாச்சி எல்லாம் உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, எல்லைக்கோடு நோய்க்குத் தெரியாது, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நோயாளர் இருக்கிறார்கள். நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை, ஆனால் கிட்னி பழுதாகிறது. கல்சியம் கூடிய கடினத் தண்ணி, புளோரைட்டு, பூச்சிமருந்து, காட்மியம், வெயிலில் தண்ணி குடியாமல் வேலை செய்வது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இதுதான் ஒரே காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒன்று இன்னும் இல்லை. ஆனால் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன, ஒருவரை ஒருவர் மறுத்து எழுதும்போதும் மேற்கோள் ஏறும் என்று மேலே சொன்னேன். உங்கள் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது: விடை இன்னும் வரவில்லை, எண் மட்டும் வந்துவிட்டது.

எல்லாம் இப்படி என்றும் சொல்ல ஏலாது. அருவி வெட்டுக் காலத்தில் புடையன் கடி நமக்குத் தெரியாததா? 2008ல் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனுராதனி கஸ்தூரிரத்ன, ஜானக டி சில்வா ஆகியோரும் மற்றவர்களும் உலகம் முழுதும் பாம்பு கடித்து விசம் ஏறுகிறவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டார்கள். குறைந்தது வருடத்துக்கு 4 இலட்சத்து 21 ஆயிரம் பேர், சாவு 20 ஆயிரம், கூடினால் 94 ஆயிரம் வரை போகலாம் என்று வந்தது. இலங்கையிலிருந்து போன கட்டுரைகளில் நல்லாய் மேற்கோள் காட்டப்பட்ட ஒன்று அது. பிறகு 2012–13ல் இலங்கை முழுவதும், வடக்கும் சேர்த்து, வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு, வருடத்துக்கு ஏறக்குறைய 80 ஆயிரம் பேரைப் பாம்பு கடிக்கிறது, நானூறுக்கு மேற்பட்டோர் சாகிறார்கள் என்று கண்டார்கள். வீடு தேடிக் கேட்டதால்தான் விசகடி வைத்தியரிடம் போனவர்களும், எங்குமே போகாதவர்களும் அந்தக் கணக்குக்குள் வந்தார்கள். 2017ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் முன்னுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதில் மேற்கோள் என்பது வெறும் புள்ளி இல்லை, மேசைக்கு மேசை கைமாறிப் போன ஒரு கணக்கு. மலேரியாவும் அப்படித்தான், நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது குயினைன் கசப்பு அறியாத வீடு வன்னியில் இல்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012ல், நாட்டுக்குச் சான்றிதழ் 2016ல். அதற்காக வீடுவீடாக இரத்தப் பூச்சு எடுத்துத் திரிந்தவர்களில் எத்தனை பேருக்கு எச்-இன்டெக்ஸ் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநலப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்த சனத்தின் கூட்டு மனக்காயம் பற்றி 2010ல் எழுதிய கட்டுரையும் உலகத்தில் பலர் எடுத்துக் காட்டுகிற ஒன்று. அது நம்மைப் பற்றியது. இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில். நம்மைப் பற்றி எழுதினதை நாம் வாசிக்க ஏலாமல் இருப்பது எனக்கு இன்னும் பொறுக்கிறதில்லை, தமிழில் எழுதினால் இந்த எண்களில் ஒன்றும் விழாது என்பதால் எழுதக்கூடியவர்களும் எழுதுவதில்லை.

சரி, இனிச் செய்யக்கூடியது. மனிதரிடம் இரத்தம் எடுத்து ஆய்வு செய்கிறவர் முதலில் ஒரு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கவேண்டும். உங்களுக்கு விளங்குகிற மொழியில் ஒரு தகவல் தாள் தரவேண்டும், விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம், பாதியில் விலகலாம், அதற்காக ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் செய்கிற வைத்தியத்தில் ஒன்றும் குறையக் கூடாது. 1964லிருந்து உலக மருத்துவச் சங்கம் வைத்திருக்கிற ஹெல்சிங்கிப் பிரகடனத்தில், ஆய்வில் கலந்துகொண்டவர்கள் அதன் பொதுவான முடிவுகளை அறிய விரும்பினால் அதற்கு வழி இருக்கவேண்டும் என்று எழுதியே இருக்கிறது. ஆகவே முடிவைச் சொல்வது உங்களுக்குச் செய்கிற தயவு இல்லை, அவர்கள் கடன்.

அடுத்த முறை ஆட்கள் வந்தால் கையை நீட்டுவதற்கு முன்னால் அந்தத் தகவல் தாளை வாங்குங்கள், அனுமதி கொடுத்த குழுவின் தொலைபேசி இலக்கம் அதில் இருக்கும். ‘எப்போது வந்து சொல்வீர்கள்?’ என்று கேட்டு, அவர்கள் சொல்கிற மாதத்தைத் தாளிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். முன்னர் வந்த மூன்று தரத்தில் எதற்காவது தாள் வீட்டில் கிடந்தால், பெட்டிக்கடியில் தேடிப் பாருங்கள், அதைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புங்கள். கட்டுரை வெளிவந்திருந்தால் நான் தேடி எடுத்து, உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அடுத்த இதழில் தமிழில் போடுகிறேன்.